நான்காவது பிரயோகம்

அந்த அலுவலகத்தில் அவருக்கு அகராதி என்று பெயர். நேரில் கூப்பிடும்போது அதில் மரியாதை இருக்கும். அவர் நகர்ந்த பிறகு அதே பெயரில் கொஞ்சம் நக்கல் இருக்கும். இரண்டும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார், ஏனென்றால் உள்ளுக்குள் அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

கணினி மொழி ஒன்றை உருவாக்கி விற்கும் நிறுவனம் அது. மொழியைச் செய்கிறவர்கள் மேல் மாடியில், கண்ணாடி அறைகளில் இருந்தார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதி வைக்கிறவர்களுக்குக் கீழே, உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கும் அறைக்குப் பக்கத்து அறை. எழுதுகிறவர்கள் என்று பன்மையில் சொல்வதே ஒரு கெத்துக்குத்தான். அகராதியும் அவருடைய பிரிவுத் தலைவியும், அவ்வளவுதான் கூட்டம்.

அந்த மொழிக்கு எழுபத்தொரு கீவேர்டுகள். அதாவது, மொழியே தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்ட சொற்கள். புரோகிராமர் அவற்றுக்குத் தன் இஷ்டத்துக்கு வேறு வேலை கொடுக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. எழுபத்தொன்றையும் அகராதிதான் எழுதினார். அதில் அவர் உயிரைக் கொடுத்து எழுதியது ‘ஸ்டாட்டிக்’ என்ற சொல்லுக்கான பக்கம்.

மற்ற சொற்கள் ஒழுங்காக ஒரு வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும். ஸ்டாட்டிக் அப்படி இல்லை. ஓர் இடத்தில் போட்டால், ஓர் எண்ணை மறக்காமல் அடுத்த முறைக்கும் வைத்திருக்கும். இன்னோர் இடத்தில் போட்டால், ஒரு பெயரை வெளியார் கண்ணில் படாமல் மறைக்கும். மூன்றாவது இடத்தில், பல பேருக்கு ஒரே பொருளைப் பொதுவாக்கும். இந்த மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. நான்காவதாக ஒன்று இருப்பதை மேல் மாடிக்காரர்களே மறந்துவிட்டிருந்தார்கள். பதினைந்து வருடத்துப் பழைய கூட்டக் குறிப்புகளைத் தோண்டித் துருவி அகராதிதான் அதைக் கண்டுபிடித்தார். ஒரு பட்டியலில் குறைந்தபட்சம் இத்தனை எண்கள் இருக்கும் என்று உறுதி சொல்லும் பிரயோகம் அது. உலகம் முழுக்கத் தேடினாலும் அதைப் பயன்படுத்துகிறவர்கள் பத்துப் பேர் தேறினால் அதிகம். ஆனால் கண்டுபிடித்த அன்று அவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் அரைமணி நேரம் அதை விளக்கினார். அவளும் வெங்காயம் நறுக்கியபடி தலையாட்டினாள், பாவம்.

பிரிவுத் தலைவி ஒரு விதி வைத்திருந்தார். ஒரு கீவேர்டுக்கான பக்கம் முழுவதும் ஒரே திரையில் அடங்க வேண்டும். படிக்கிறவர்கள் கீழே இழுத்துப் படிப்பதில்லை என்று அவரிடம் புள்ளிவிவரம் இருந்தது. அகராதி நான்கு பிரயோகங்களையும் எழுதி, நான்குக்கும் உதாரணம் போட்டு, திரையில் வைத்துப் பார்த்தார். இரண்டு வரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

எதை வெட்டுவது? முதல் பிரயோகத்துக்கு அவர் எழுதியிருந்த உதாரணம் ஒரு தண்ணீர்த் தொட்டி. நீர்மட்டம் ஒருமுறை குறைந்ததாகக் காட்டினால் அது கருவியின் தடுமாற்றமாக இருக்கலாம்; மூன்று முறை தொடர்ந்து குறைந்தால்தான் மணி அடிக்க வேண்டும். எத்தனை முறை குறைந்தது என்ற கணக்கை ஸ்டாட்டிக் மறக்காமல் வைத்திருக்கும். நடுவில் ஒருமுறை மட்டம் சரியாக இருந்தால் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். எட்டே வரி. அதன் கீழே இரண்டு வரி எச்சரிக்கை: ‘கவனம்: இந்தக் கணக்கு ஒன்றே ஒன்றுதான். ஒன்றுக்கு மேற்பட்ட தொட்டிகளுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்.’

அல்லது நான்காவது பிரயோகத்தை முழுசாகத் தூக்கிவிடலாம். அகராதி ஒரு மதியம் முழுக்க யோசித்தார் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் ஒரு காபி குடிக்கும் நேரம்கூட யோசிக்கவில்லை. ஒரே கணக்கை இரண்டு தொட்டிக்கு வைக்கும் மடையன் எவன் இருக்கப்போகிறான் என்று எச்சரிக்கையை வெட்டினார். நான்காவது பிரயோகம் தங்கியது. பக்கம் திரையில் கச்சிதமாக உட்கார்ந்தது. இது நடந்து மூன்று வருடம் ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னவன் வந்தான். மனைவியின் ஒரே தம்பி. வீட்டில் அவனுக்கு வைத்த பெயர் வேறு; ஆனால் முப்பத்திரண்டு வயதாகியும் எல்லோருக்கும் சின்னவன்தான். ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் புரோகிராமர். அந்த வேலைக்கு வந்ததே மாமாவைப் பார்த்துத்தான். வழக்கமாக வாசலிலேயே “வாண்டு எங்க?” என்று கேட்டபடி நுழைகிறவன். வாண்டு என்பது அகராதியின் மகள், நாலு வயது. அன்றைக்கு அவள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டபோது, அவளைப் பார்க்காமலே தலையில் கை வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

“சாப்பிட்டியாடா?” என்றாள் அக்கா.

“பசிக்கலக்கா.”

“ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? யாரோட சண்டை?”

அவன் அகராதியின் பக்கம் திரும்பினான். “மாமா, ஒரு அம்மா செத்துப்போயிட்டாங்க” என்றான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அவன் எழுதிய நிரல், படுக்கையில் இருக்கும் நோயாளியின் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மூன்று முறை தொடர்ந்து குறைந்தால் அலாரம் அடிக்கும். இரண்டு வருடமாக ஒழுங்காக அடித்தது, ஏனென்றால் ஒரு படுக்கைக்கு ஒரு கருவி. இந்த வருடம் கம்பெனி ஆறு படுக்கைகளை ஒரே கருவியில் இணைத்தது. ஒவ்வொரு படுக்கையாக, மற்ற ஐந்தும் காலியாக இருக்கும்போது சோதித்தார்கள். அப்போதும் அடித்தது. வார்டில் ஆறும் நிரம்பியிருந்த ஒரு நாள், பட்டப்பகலில், நான்காவது படுக்கையில் இருந்த பெண்ணுக்கு அளவு குறையத் தொடங்கியது. கணக்கு ஒன்று என்று ஏறும். உடனே பக்கத்துப் படுக்கையின் அளவு வரும். அது நன்றாக இருக்கும். கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும். மறுபடி ஒன்று. மறுபடி பூஜ்யம். பக்கத்தில் இருந்தவர்கள் நன்றாக இருந்ததாலேயே இருபது நிமிடமும் அலாரம் வாயைத் திறக்கவில்லை. நர்ஸ் அலாரத்தை நம்பி அடுத்த வரிசையில் இருந்திருக்கிறாள்.

“பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவங்களாம் மாமா. நாப்பத்தொரு வயசு. சாதாரண காய்ச்சல்னு வந்து படுத்திருக்காங்க.”

‘மூன்று முறை’ என்று அவன் சொன்னபோதே அகராதிக்குத் தன் தண்ணீர்த் தொட்டி நினைவுக்கு வந்துவிட்டது. இருந்தாலும் கேட்டார். “கோட் இருக்கா? காட்டு.”

சின்னவன் போனை நீட்டினான். எட்டு வரி. தொட்டி என்று இருந்த இடத்தில் படுக்கை என்று இருந்தது. மற்றதெல்லாம் அப்படியே. அந்தக் கணக்குக்கு நிரலில் வைத்திருந்த பெயர், ஆங்கில எழுத்தில், ‘வாண்டு’.

மூன்று வருடத்துக்கு முன்பு, தவழும் மகளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே அந்த உதாரணத்தை எழுதியபோது, வேறு பெயர் தோன்றாமல் அவர் வைத்த பெயர் அது.

“விசாரணையில எல்லாரும் கேக்குறாங்க, வாண்டுன்னா என்னன்னு. எங்கிருந்து எடுத்தேன்னு நான் இன்னும் சொல்லல” என்றான் சின்னவன். “மாமா எழுதினது, நம்ம பிள்ளை பேரு, எதுக்கு மாத்தணும்னு ஆசையா அப்படியே விட்டேன்.” அதைச் சொல்லும்போதுதான் அவன் அழுதான். அக்கா அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “நீங்க ஏதாவது சொல்லுங்களேன்” என்று கணவனிடம் கண்ணாலேயே கெஞ்சினாள். “யோசிப்போம்” என்றார் அகராதி. எழுபத்தொரு பக்கம் எழுதிய மனிதருக்கு அந்த ஒரு சொல்தான் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை, எச்சரிக்கையை வெட்டியதைப் பிரிவுத் தலைவியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் அவர் அலுவலகத்துக்குப் போனார். படிக்கட்டில் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்தார். ஆனால் பிரிவுத் தலைவி அவருக்கு முன்பே வந்து அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கெட்ட பெண்மணி இல்லை. அகராதியின் அம்மா இறந்தபோது பத்து நாள் அவர் வேலையையும் சேர்த்துச் செய்தவர்.

“கருவிக் கம்பெனி வக்கீல் போன் பண்ணினார்” என்றார். “தப்பு ஸ்டாட்டிக்லதான் நடந்திருக்காம், நம்ம பக்கத்தைப் பாக்கணுமாம். வெள்ளிக்கிழமை வந்து பிரதி எடுத்துக்குவாங்க. உங்க முதல் டிராஃப்ட்ல ஒரு எச்சரிக்கை இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு மேடம். நான்தான் வெட்டினேன். ஒரு திரை விதிக்காக.”

“சரி. அதைத் திரும்பப் போட்டுடுங்க.”

“ரெண்டு வரி நீளுமே.”

“நீளட்டும். விதியை இனிமே யார் பாக்கப்போறா?”

மூன்று வருடம் மலைபோல் நின்ற விதி, ஒரு பேச்சில் ஊதித் தள்ளப்பட்டது. அகராதி பக்கத்தின் அடியில் இருந்த தேதியைக் காட்டினார். “தேதி இன்னிக்கின்னு மாறுமே மேடம்.”

“எழுத்துப்பிழை திருத்தினா நாம தேதி மாத்துறோமா? சின்னத் திருத்தம்னு குறிச்சா பழைய தேதியே இருக்கும். நம்ம வழக்கம்தானே அது.”

“இது எழுத்துப்பிழையா மேடம்?”

தலைவி குரலைத் தாழ்த்தினார். “நீங்க எழுதினதுதான். உங்க டிராஃப்ட்லயே இருக்கு. இல்லாததை எழுதச் சொல்லல, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்றேன். போன வருஷம் புது சர்வருக்கு மாறினோமே, அதுல பழைய பிரதியெல்லாம் போச்சு; அதுக்கப்புறம் யாரும் பிரதி எடுத்து வைக்கிறதும் இல்ல. எனக்கு ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு. உங்களுக்கு நாலு வயசுல ஒரு பொண்ணு.”

அந்த நிமிடத்தில் அவர் எழுந்து நின்று, “கோட் எழுதினவன் என் மச்சினன் மேடம், என் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதினான்” என்று சொல்லியிருக்கலாம். ஐம்பத்து மூன்று வயதில் இந்த வேலை போனால் வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள் என்ற பயம் இருந்தது. ஆனால் அது இரண்டாவது பயம். முதல் பயம் அந்த நான்காவது பிரயோகம். எதற்காக அந்த இரண்டு வரியை வெட்டினீர்கள் என்று யாராவது கேட்டால், யாருக்கும் தேவைப்படாத ஒன்றைக் கண்டுபிடித்த பெருமையைக் காட்டிக்கொள்ள என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பக்கத்திலேயே பஸ் ஓட்டிய பெண்ணின் பெயரும் எழுதப்படும். அதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பழைய டிராஃப்டைத் திறந்தார். இரண்டு வரியை எடுத்தார். உதாரணத்துக்குக் கீழே வைத்தார். ‘சின்னத் திருத்தம்’ என்ற கட்டத்தில் ஒரு டிக். நான்கு நொடி வேலை. சேமித்த பிறகு, தானே ஒரு புரோகிராமரைப் போல அந்தப் பக்கத்தைத் திறந்து படித்தார். அருமையான பக்கம். குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

சனிக்கிழமை காலை பத்து மணி வாக்கில் மனைவி ஒரு டப்பாவில் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து அவரைத் தம்பி வீட்டுக்கு அனுப்பினாள். “மூணு நாளா போன் எடுக்க மாட்டேங்குறான். உங்களைத்தான் தெய்வம் மாதிரி நினைக்கிறான். நீங்க சொன்னா சாப்பிடுவான்” என்றாள். அவளிடமும் அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் அவள் தம்பிக்கும் புருஷனுக்கும் நடுவில் எங்கே போய் நிற்பாள்? இப்படி அவளுக்காகவும்தான் பேசாமல் இருக்கிறேன் என்று தன்னிடமே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. சின்னவன் தாடி வளர்ந்த முகத்தோடு கதவைத் திறந்தான். கட்டிலில் துணி குவிந்திருந்தது. மேசை மட்டும் சுத்தமாக இருந்தது; அதில் லேப்டாப், ஒரு பேனா, நாலு பக்கப் படிவம்.

“வாங்க மாமா. நானே வரலாம்னு இருந்தேன். திங்கக்கிழமை இதைக் கொடுக்கணும்.”

படிவத்தைத் திருப்பி வைத்தான். விசாரணைக்கு அவன் எழுதிக் கொடுக்க வேண்டிய வாக்குமூலம். எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதியிருந்தான், தன்னுடைய திருத்தமான சின்னக் கையெழுத்தில். எடுத்த இடம் என்று ஸ்டாட்டிக் பக்கத்தையும் எழுதியிருந்தான். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் காலி. ‘பயன்படுத்திய மொழியின் கையேட்டில் இத்தவறு குறித்த எச்சரிக்கை இருந்ததா?’ ஆம். இல்லை.

“இல்லைன்னு போட்டா என்ன ஆகும்?” என்று அகராதி கேட்டார்.

“பாதிப் பொறுப்பு கையேட்டுக்குப் போகும். எனக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்து விட்டுடுவாங்கன்னு சொல்றாங்க. ஆமான்னு போட்டா, படிச்சும் கவனிக்காம செஞ்சதா ஆகும். இனிமே இந்த மாதிரி கருவிக்கு நான் எழுத முடியாது. எழுதக்கூடாதுதான், அது கிடக்கட்டும்.” அவன் லேப்டாப்பைத் திறந்தான். “எனக்கு அது இல்ல மாமா பிரச்சினை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, எச்சரிக்கை எதுவும் இல்லைன்னு. சத்தியம் பண்ணுவேன். இல்லைன்னு டிக் பண்ணத்தான் நேத்து உக்காந்தேன். எதுக்கும் ஒரு தடவை பாப்போம்னு பக்கத்தைத் திறந்தேன். இதோ இருக்கு. உதாரணத்துக்கு நேர் கீழ. தேதி மூணு வருஷத்துக்கு முந்தினது.”

திரையில் அந்த இரண்டு வரி இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட தொட்டிகளுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்.

“எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா மாமா? கண்ணு முன்னாடி இருந்ததைப் பாக்காம விட்டேனா, இல்ல எனக்கு வசதியா ஞாபகத்தை நானே மாத்திக்கிட்டேனா? நேத்துலேர்ந்து இதேதான் ஓடுது. நீங்கதான் எழுதினீங்க. உங்களுக்குத் தெரியும். நான் எடுத்தப்போ இது இருந்துச்சா?”

அவன் கேட்டது அவ்வளவுதான். வேலையைக் காப்பாற்று என்று கேட்கவில்லை. தன் ஞாபகம் தன்னை ஏமாற்றுகிறதா இல்லையா என்று மட்டும் கேட்டான். ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும். அவன் தன் தலையை மறுபடி நம்பலாம். அந்தச் சாவின் பாதியை இறக்கி வைக்கலாம். அந்தச் சொல் அகராதியின் தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. கீழே தெருவில் யாரோ ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. சின்னவன் கண் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இருந்துச்சு” என்றார் அகராதி.

சின்னவன் தலையை ஆட்டினான். ஒருமுறை, பிறகு இன்னும் இரண்டு முறை. “அப்போ நான்தான்” என்றான். அதில் கோபமோ அழுகையோ இல்லை. பேனாவை எடுத்து ‘ஆம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டு, கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதினான். பேனாவை மூடி மேசையின் ஓரத்தில் வைத்தான்.

“சாப்பாடு கொண்டுவந்தேன். உங்கக்கா கொடுத்தா” என்றார் அகராதி. அந்த இடத்தில் பேசக்கூடிய பேச்சா அது? வேறு என்ன பேசுவார்?

“வைங்க மாமா, சாப்பிடுறேன்.” அவன் டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டான். பிறகு ஏதோ நினைவு வந்தவனாக நிமிர்ந்தான். “மாமா, ஒண்ணு பண்ணுங்க. அந்த எச்சரிக்கையை உதாரணத்துக்கு மேல ஏத்திடுங்க. கீழ இருந்தா என்னை மாதிரி அவசரக்காரன் இன்னொருத்தன் பாக்காம விட்டுடுவான்.”

“ஏத்திடறேன்.”

“கண்டிப்பா?”

“திங்கக்கிழமை முதல் வேலை அதுதான்.”

அவர் கிளம்பியபோது சின்னவன் வாசல் வரைக்கும் வந்தான். செருப்பில் அவருக்குக் கால் சரியாக நுழையவில்லை. அவன் குனிந்து அதைத் திருப்பி வைத்தான். குனிந்தபடியே சொன்னான்.

“நீங்க இவ்வளவு தெளிவா எழுதி வெச்சும் நான் படிக்கல. இப்போ வக்கீல், விசாரணைன்னு உங்க பக்கத்தையும் இழுத்துட்டேன். என்னால உங்களுக்கும் கெட்ட பேரு. மன்னிச்சுக்கோங்க மாமா.”

அகராதி அவன் திருப்பி வைத்த செருப்பில் காலை நுழைத்தார்.

“பரவாயில்லைப்பா” என்றார்.